காசு கொடுத்து வாங்கும் இருட்டு

ஜவ்வாது மலையில் வெளிச்சத்தை நம்பித் தொழில் செய்பவர்கள் இரண்டு வகை. முதல் வகை, காவலூர்க்காரர்கள். நகரத்து விளக்குகள் எட்டாத வானம் வேண்டும் என்று தேடிய வானியலாளர் வைணு பாப்பு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலைக் கிராமத்தைப் பிடித்தார். 1968-ல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. 1972-ல் 1 மீட்டர். 1986-ல் 2.34 மீட்டர். இந்தக் கடைசி ஆசாமியின் ஆடி, இருட்டில் முழுதாகத் திறந்த மனிதக் கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வெளிச்சத்தை வாரிக்கொள்ளும். எங்கோ இருக்கும் விண்மீனிலிருந்து புறப்பட்டு வரும் ஒரு துளியும் வீணாகிவிடக் கூடாது என்று ஒரு நிறுவனமே ராத்தூக்கம் கெட்டு உழைக்கிறது. இரண்டாம் வகையினர் சனிக்கிழமை காலையில் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக மலை ஏறுகிறார்கள். அந்த வானாய்வகத்தைத் தாண்டித்தான் ஜமுனாமரத்தூர் போகிறார்கள். போய், பையிலிருந்து டிரோனை எடுத்து, அதன் மூக்கில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டுகிறார்கள். கண்ணாடியின் பெயர் என்.டி. 64. வருகிற வெளிச்சத்தில் 64 பங்கில் 63 பங்கை உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை. அந்தத் தடுப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் விலை.

இரண்டாம் வகையினரைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. வெளிச்சத்தைத் தள்ளிவிட அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. என் சண்டையெல்லாம் அந்த ஃபில்டர் பெட்டியோடு வரும் அட்டவணையோடுதான். வெயில் படம் போட்டு ஒரு எண், மேகம் போட்டு ஒரு எண், பாதிச் சூரியன் போட்டு ஒரு எண். அண்ணாந்து வானத்தைப் பார், அதற்கேற்ற கண்ணாடியை எடு என்கிறது அது. நான் சொல்வது வேறு: அண்ணாந்து பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள். டிரோனுக்கும் அது படம் பிடிக்கும் பொருளுக்கும் எத்தனை அடி இடைவெளி, எவ்வளவு வேகம் என்பதுதான் ஃபில்டரைத் தீர்மானிக்க வேண்டும். வானம் அப்புறம். காவலூரிலும் வழக்கம் இதுதான். அங்கேயும் ஃபில்டர் உண்டு. புறஊதா, நீலம், கண்ணுக்குத் தெரியும் மஞ்சள்பச்சை என்று 1950-களில் ஜான்சனும் மார்கனும் வகுத்த வரிசைக் கண்ணாடிகளும் உண்டு, ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விடும் கண்ணாடிகளும் உண்டு. விண்மீனின் வெப்பநிலை வேண்டுமா, அதைச் சுற்றியுள்ள வாயு வேண்டுமா என்ற கேள்வி முதலில் வரும். கண்ணாடி பின்னால் வரும். ‘இன்றைக்கு நட்சத்திரம் கொஞ்சம் பிரகாசமாக இருக்கிறது, ஆகவே இதை மாட்டுவோம்’ என்று அங்கே யாரும் கிளம்புவதில்லை.

முதலில் இந்தக் கண்ணாடி எதற்கு என்று பார்த்துவிடுவோம். சுருக்கமாக, டிரோனுக்குப் போடும் கூலிங் கிளாஸ். தமிழ்நாட்டில் கூலிங் கிளாஸை வெயிலுக்காக மட்டுமே போட்ட ஆள் கிடையாது என்பதால், இதிலும் பாதி ஸ்டைலுக்குத்தான் என்று சந்தேகப்படுவது சரியே. மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது. படம் வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள கேமராவுக்குள்ளேயே மூன்று வழி உண்டு: துவாரத்தைச் சிறிதாக்கலாம், ஐ.எஸ்.ஓ.வை இறக்கலாம், ஷட்டரை வேகப்படுத்தலாம். நம்மூரில் பறக்கும் சின்ன டிரோன்களில் பெரும்பாலானவற்றுக்குத் துவாரம் ஒரே அளவு, மாற்றவே முடியாது. ஐ.எஸ்.ஓ. 100-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக மிஞ்சுவது ஷட்டர் மட்டும். பளீர் வெயிலில் எஃப் 16 துவாரத்துக்கு, ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ அதுவே ஷட்டரின் கீழெண் என்பது ஃபிலிம் ரோல் காலத்து ஸ்டூடியோக்காரர்களின் மனப்பாடம். அந்தக் கணக்கை எஃப் 2.8 லென்ஸ் உள்ள டிரோனுக்குக் கொண்டுவந்தால் ஷட்டர் ஒரு நொடியில் 3200-ல் ஒரு பங்காகிறது. எஃப் 1.7 என்றால் 8000-ஐயும் தாண்ட வேண்டும். பல டிரோன்களின் ஷட்டர் 8000-த்தோடு நின்றுவிடும். அந்த லென்ஸுக்கு உச்சி வெயிலில் ஒரு சின்ன ஃபில்டர் அவசியம் என்பதை விவாதமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வெள்ளைப் பாறையும் மேகமும் சுண்ணாம்பாகிவிடும்.

அதற்கு மேல்தான் சாஸ்திரம் தொடங்குகிறது. ஃபிலிம் கேமராவுக்குள் அரைவட்டம் வெட்டிய ஒரு தகடு சுழலும். சுற்றில் பாதி நேரம் வெளிச்சம் ஃபிலிமில் விழும், மறுபாதி நேரம் மறைந்திருக்கும், அந்த மறைவில் ஃபிலிம் அடுத்த கட்டத்துக்கு நகரும். நொடிக்கு 24 சட்டகம் என்றால் ஒவ்வொன்றும் 48-ல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும். அந்தக் காலத்து எந்திரத்துக்கு இருந்த இந்த நிர்ப்பந்தம், நம் கண்ணுக்கு நூறு வருஷப் பழக்கமாகி, ‘180 டிகிரி விதி’ என்ற பெயரில் இன்று டிரோன்காரர்களின் குலதெய்வமாகிவிட்டது. 25 சட்டகத்துக்கு 50-ல் ஒரு பங்கு, 30-க்கு 60-ல் ஒரு பங்கு. 3200-ஐ 50-க்கு இறக்க வேண்டுமென்றால் 64 மடங்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதுதான் என்.டி. 64. கணக்கு அச்சு அசலாகச் சரி. கணக்கில் ஒரு குறையும் இல்லாததால்தான் எதற்காக இந்தக் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைக் கொல்லை ஒன்று. கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கிறது. டிரோனை மூன்று மீட்டர் உயரத்தில் வைத்து, கேமராவை நேர்கீழே கவிழ்த்து, நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் கொல்லைக்கு மேலாக ஓட்டுகிறோம். 24 மில்லிமீட்டருக்குச் சமமான லென்ஸில் அந்த உயரத்துக்குச் சட்டகத்தின் அகலம் நாலரை மீட்டர். 4கே படத்தில் அந்த அகலத்துக்கு 3840 புள்ளிகள். ஆகவே ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒவ்வொரு கதிரும் 170 புள்ளி நகர்ந்திருக்கும். ஃபில்டர் இல்லாமல் 3200-ல் எடுத்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் கதிர் ஊசிமுனைக் கூர்மையோடு நிற்கும். அதன் சுணை தெரியும், மணிகளைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் ஓட்டிப் பார்த்தால் அத்தனை கதிரும் இங்கிருந்து அங்கே தாவும். பார்ப்பவருக்குக் கொல்லையே வெட்டு வந்து துடிப்பது போலிருக்கும். 50-ல் எடுத்தாலோ ஒவ்வொரு கதிரும் 85 புள்ளி நீளத்துக்கு இழுபட்டு, முந்தைய இழுப்பும் அடுத்த இழுப்பும் கிட்டத்தட்டக் கைகோத்துக்கொள்ளும். தனிச் சட்டகத்தை நிறுத்திப் பார்த்தால் அசிங்கம், ஓடவிட்டால் அழகு. இங்கே என்.டி. 64 தன் விலைக்கு உழைக்கிறது.

இப்போது அதே டிரோனை 120 மீட்டருக்கு ஏற்றுவோம். முன்அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் அது. வேகத்தையும் இரட்டிப்பாக்கி நொடிக்குப் பத்து மீட்டர் வைப்போம். சட்டகத்தின் அகலம் இப்போது 180 மீட்டர். ஒரு மீட்டர் நிலத்துக்கு 21 புள்ளிதான். ஃபில்டர் போட்டு 50-ல் எடுத்தால் ஒரு மரம் நாலு புள்ளி இழுபடும். போடாமல் எடுத்தால் இழுபடவே படாது. மலையின் முழு விரிவையும் காட்டும் காட்சியில் இந்த நாலு புள்ளி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவருக்குக் காவலூரில் வேலை கேட்கலாம். டிரோனில் ஏறி வந்த காணொளிகளில் முக்கால்வாசி இந்த உயரத்துச் சமாசாரம்தான்: பள்ளத்தாக்கு, மேகம், கொண்டை ஊசி வளைவில் ஊரும் பேருந்து, குப்பநத்தம் அணையின் நீர்ப்பரப்பு. இவற்றுக்கெல்லாம் ஃபில்டர் மாட்டுவது மனநிம்மதிக்காக. மலையில் ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. ரிமோட் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்பட்டது. நூறு மீட்டர் என்று எண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்ச்சரிவின் மரக்கிளை எட்டு மீட்டருக்குள் வந்து நிற்கும். நான் சொல்லும் இடைவெளி, கேமராவுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ளது. ரிமோட்டின் எண்ணை நம்பி ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தால் படம் கெடும். அதை நம்பிப் பறக்கவிட்டால் டிரோனே கெடும்.

சரி, எதற்கு வம்பு, வெயிலடித்தால் 64-ஐ மாட்டிவிட்டுப் பறக்கலாமே, தூரத்துக் காட்சிக்கு அதனால் கெடுதல் இல்லையே என்பார்கள். இருக்கிறது. ஜவ்வாது மலை வெயில் அட்டவணையைப் படித்ததில்லை. கீழேயிருந்து ஏறும் காற்று பிற்பகலில் மேகமாகத் திரண்டு மலைமேல் திட்டுத் திட்டாக நிழல் போட்டுக்கொண்டே நகரும். பளீர் வெயிலுக்கும் மேக நிழலுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று ஸ்டாப், அதாவது நாலு முதல் எட்டு மடங்கு. ஒருமுறை ஏறினால் அரை மணி நேரம் மேலேயே இருக்கும் டிரோன் அதற்குள் மூன்று நிழலையாவது கடந்துவிடும். நிழலுக்கு ஒரு கண்ணாடி, வெயிலுக்கு ஒரு கண்ணாடி என்று வானத்தில் நிறுத்தி மாட்டிவிட ஆளில்லை. 64-ஐ மாட்டிய டிரோன் நிழலுக்குள் நுழைந்ததும் ஷட்டரை இன்னும் இறக்க இடமில்லாமல் ஐ.எஸ்.ஓ.வை 400, 800 என்று ஏற்றும். சுண்டைக்காய் அளவு சென்சாரில் அந்த எண்ணுக்கு, காட்டின் கரும்பச்சை எல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கத் தொடங்கும்.

பொன்னொளி நேரம் இன்னும் மோசம். ‘கோல்டன் அவர்’ என்பது வடக்கே லண்டன் பக்கத்தில் ஒருவேளை மணிக்கணக்கில் நீளலாம். அங்கே சூரியன் சாய்வாக, தயங்கித் தயங்கி இறங்கும். ஜவ்வாது மலை கிடப்பது பன்னிரண்டரை டிகிரி வட அட்சரேகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். அடிவானத்துக்கு மேல் ஆறு டிகிரியில் இருக்கும் சூரியன் அடிவானத்தைத் தொட 25 நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். மேற்கே ஒரு மலைமுகடு குறுக்கே நின்றால் அதிலும் பாதி போச்சு. அந்த 25 நிமிஷத்துக்குள் வெளிச்சம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். கிளம்பும்போது என்.டி. 16 பொருத்தம், பாதியில் 8, அப்புறம் 4, கடைசியில் வெறும் லென்ஸே போதும். அட்டவணைப்படி நடப்பதானால் ஒரே பேட்டரியில் மூன்று முறை இறக்கி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டைப் பொத்தான் அளவுக் கண்ணாடியை நகநுனியால் நெம்பிக் கழற்றி, மறுபக்கம் பதிந்த பெருவிரல் ரேகையைத் துடைத்து, வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண் எட்டா பதினாறா என்று அந்தி வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் படித்து, கேமராவைத் தாங்கும் கிம்பல் நோகாமல் அடுத்ததைப் பொருத்தி நிமிர்வதற்குள் சூரியன் கர்நாடகப் பக்கம் போயிருக்கும்.

ஆகவே என் யோசனை சோம்பேறித்தனமானது, ஆனால் கணக்கோடு ஒத்துப்போவது. தரையை ஒட்டிப் பறக்கும் காட்சிகளை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவை பத்து இருபது நொடிதான் இருக்கும், அதற்குள் வானம் மாறாது, 64-ஐ மாட்டி எடுத்து இறக்கிவிடலாம். மீதி எல்லாவற்றுக்கும் என்.டி. 16. எஃப் 2.8 லென்ஸில் அது பளீர் வெயிலில் ஷட்டரை 200-ல் நிறுத்தும், மேக நிழலில் 50-க்கோ அதற்குச் சற்றுக் கீழோ இறங்கும். ஐ.எஸ்.ஓ.வை 100-ல் பூட்டிவிட்டு ஷட்டரை அதன் போக்கில் விட்டுவிடலாம். நிறத்தைப் பின்னால் திருத்திக்கொள்வதற்கான லாக் வகைப் பதிவில் சில டிரோன்களின் ஐ.எஸ்.ஓ. 400-க்குக் கீழே வராது. அங்கே மட்டும் இரண்டு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு எண் குறைவானதை எடுங்கள். காரணம், இந்த இரண்டு தப்புக்கும் தண்டனை ஒன்றல்ல. ஃபில்டர் கொஞ்சம் வெளுத்திருந்தால் ஷட்டர் கொஞ்சம் வேகமாகும், ஆயிரத்தில் ஒருவர் கவனிப்பார். கறுத்துப்போனால் படம் முழுக்கப் புள்ளி கிளம்பும், அதைக் கல்யாண வீட்டுப் பாட்டி கூடக் கவனிப்பார்.

இங்கே சினிமாக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். 180 டிகிரி என்பது அழகியல், அதைக் கணக்கால் அளக்கக் கூடாது என்பார்கள். அழகியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகியலை மீறித்தான் 1998-ல் ஸ்பீல்பெர்க் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் போர்க்களத்தை எடுத்தார். ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி ஷட்டரை 90 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் குறுக்கினார். தெறிக்கும் மண் ஒவ்வொரு துகளாகத் துடித்ததும், பார்த்தவர் வயிறு கலங்கியதும் அதனால்தான். சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. விதியை மீறினால் துடிப்பு வரும் என்பதற்கு அது சாட்சி. துடிப்பு எப்போதும் குற்றமில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. பீமன் நீர்வீழ்ச்சியில் மழைக்காலத்து வெள்ளம் பாறையில் அறைந்து சிதறுவதை 800-ல் எடுத்தால் தண்ணீர் கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும். 50-ல் எடுத்தால் பட்டுத்துணியாக வழியும். எது அருவியின் உண்மை என்று என்னைக் கேட்டால் சில்லுதான் என்பேன். பட்டுத்துணி அருவியில் யாருக்கும் முதுகு வலித்ததில்லை.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும். பார்க்கிறவர் எல்லாம் ஆறு அங்குலக் கைபேசியில், பேருந்தில் தொங்கிக்கொண்டே பார்க்கிறார். அவருக்கு எந்த ஃபில்டர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? வலுவான கேள்வி, இந்தக் கட்டுரைக்கே வேட்டு வைக்கும் கேள்வி. ஆனால் கைபேசிக்குப் போகும் வழியில் படம் பலமுறை கசக்கிப் பிழியப்படுகிறது. அப்படிச் சுருக்கும் மென்பொருள், ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்கு எது எங்கே நகர்ந்தது என்று தேடித் தேடித்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. தாழப் பறந்து எடுத்த காட்டில், இலைக்கு இலை கூர்மையாகத் தாவிக்கொண்டிருந்தால் அது திணறி, கொடுத்த அளவுக்குள் அடக்க முடியாமல் பச்சை முழுவதையும் கட்டம் கட்டமாகக் குழைத்துவிடும். லேசாக இழுபட்ட இலை என்றால் அதற்குச் சுமை குறைவு. ஆக, பேருந்துப் பயணிக்காகவே தாழ்ந்த காட்சிக்கு ஃபில்டர் தேவைப்படுகிறது. இழுப்பை வீட்டில் கணினியில் சேர்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: ஆயிரம் இலை ஒன்றன்பின் ஒன்று மறையும் மூங்கில் புதரை அதில் போட்டுப் பாருங்கள்.

பெட்டியில் எல்லாரும் பயந்து ஒதுக்கும் கண்ணாடி ஒன்று உண்டு: சி.பி.எல். எனப்படும் போலரைசர். என் கணக்கில் இந்த மலைக்கு என்.டி.யைவிட இதுதான் முக்கியம். நீர்ப்பரப்பிலும் ஈர இலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைவாக்கில் அதிரும். தண்ணீரைச் செங்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது தெறிப்பு முழுவதுமே அப்படித்தான். போலரைசரைச் சரியாகத் திருப்பினால் அந்தத் தெறிப்பு அடங்கி, கோமுட்டேரியின் தகரம் போன்ற பளபளப்பு விலகி, உள்ளிருக்கும் பாசியின் நிறம் மேலே வரும். காட்டின் மேல் படிந்த வெள்ளைப் பூச்சும் போய்ப் பச்சை பச்சையாகும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் அது தின்றுவிடுவதால் சின்ன என்.டி. ஒன்று மிச்சம்.

இதன் மேல் உள்ள குற்றச்சாட்டு, பறக்கும்போது திருப்ப முடியாது, டிரோன் முகம் திரும்பினால் பலன் மாறிவிடும் என்பது. வானத்தைப் பொறுத்தவரை உண்மை. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானம் மட்டும் கறுத்து, அகல லென்ஸில் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிர்நீலம் என்று திட்டு விழும். தண்ணீரைப் பொறுத்தவரை அப்படியில்லை. தெறிப்பு கிடைவாக்கில் அதிர்வது எந்தத் திசையில் பார்த்தாலும் ஒன்றுதான், கிம்பலும் கேமராவைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தரையில் நின்று ஏரியைப் பார்த்து ஒருமுறை சரியாகத் திருப்பி வைத்தால், டிரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரின் தெறிப்பை அது அடக்கும். வானத்துக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது இந்த மலைக்கே உரியது போல அமைந்தது. சித்திரை பிறந்து பத்து நாள் வாக்கிலும், ஆவணி பிறந்த சில நாளிலும் நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது சூரியனுக்குச் செங்கோணம் என்பது அடிவானம் முழுவதும். நாலு திக்கிலும் வானம் ஒரே மாதிரி கிடைவாக்கில் அதிரும். தண்ணீருக்காக வைத்த அதே திருப்பத்தில், டிரோன் ஒரு முழு வட்டம் அடித்தாலும் நீலம் திட்டில்லாமல் வரும். புகைப்படக்காரர்கள் எல்லாம் உதவாத நேரம் என்று பிரியாணிக்குப் போகும் பன்னிரண்டு மணி, போலரைசருக்கு முகூர்த்த நேரம். தரைமட்டத்துப் புழுதியும் பனிமூட்டமும் இந்தச் சாதகத்தைக் கொஞ்சம் கெடுக்கும், ஆகவே மழை பெய்து கழுவிய மறுநாள் உத்தமம்.

மலிவுக் கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. சாதாரண என்.டி. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் தடுத்துவிட்டு அகச்சிவப்பைக் கண்டுகொள்ளாமல் விடும். 64-ல் ஒரு பங்காகக் குறைந்த நல்ல ஒளிக்கு நடுவே குறையாமல் வந்த அகச்சிவப்பு அப்போது பெரிய ஆளாகிவிடும். இலைகளோ அகச்சிவப்பை அள்ளி வீசும் ஜாதி. விளைவு, மார்கழியில் எடுத்த பச்சைக் காடு பங்குனியில் காய்ந்தது போல் பழுப்படித்து வரும். நகரத்துக் கட்டடங்களை எடுப்பவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. இலையைத் தவிர வேறொன்றும் இல்லாத மலையில் தெரியும். கறுப்பு கூடக் கூட இந்த வியாதியும் கூடும் என்பதால், குறைந்த எண்ணை எடுங்கள் என்ற என் கட்சிக்கு இதுவும் ஒரு ஓட்டு.

எடையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2021-ன் டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதைத் தாண்டினால் மைக்ரோ. அதற்காகவே 249 கிராமில் செதுக்கி விற்கிறார்கள். லென்ஸின் மேல் கூடுதலாகக் கவ்வும் கண்ணாடி ஒன்று ஒரு கிராமுக்கு மேல் கனத்தால், இருட்டின் பாரத்தால் மட்டுமே ஒரு வாகனம் அடுத்த வகுப்புக்கு மாறி, அந்த வகுப்பின் கூடுதல் நிபந்தனைகளையும் சுமக்க நேரிடும். வெளிச்சத்தைக் குறைத்ததற்கு அரசு எடை போட்டுப் பார்க்கும் வேறு தொழில் எனக்குத் தெரிந்து இல்லை. மலையில் பெரும்பகுதி காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதி தனி. அது கிடைக்காவிட்டால் எந்த எண் ஃபில்டரும் ஒன்றுதான்.

கடைசியாக, கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காரர்களின் வாதம். அவர்கள் ஏரிக்கரையில் மணமக்களை நிறுத்தி, முகத்துக்கு இரண்டு மீட்டரில் தொடங்கி, பின்வாங்கி மேலே ஏறி, நூறு மீட்டரில் முழு மலையையும் காட்டி முடிப்பார்கள். ஒரே காட்சியில் பக்கமும் இருக்கிறது, தூரமும் இருக்கிறது, உங்கள் விதிப்படி எதை மாட்டுவது என்பது கேள்வி. பக்கத்துக்காகத்தான் மாட்ட வேண்டும், ஏனென்றால் தூரத்துக்கு எதை மாட்டினாலும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த முதல் மூன்று நொடியில் டிரோன் கிளம்பும் வேகம் மிகக் குறைவு, மணமகளின் முந்தானையைத் தவிர எதுவும் வேகமாக அசையாது. ஆகவே 64 தேவையில்லை, 16-ஏ தாங்கும். மேக்கப் முடிந்து அவர்கள் கரைக்கு வரும்போது எப்படியும் மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். என்.டி. 16-ஓடு போலரைசரும் சேர்ந்த கண்ணாடி ஒன்று அதே பெட்டியில் இருக்கிறது. அதை ஏரியைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, பெட்டியை மாமாவிடம் கொடுத்துவிடலாம். மணமகன் முகத்து எண்ணெய்ப் பளபளப்பையும் அது கொஞ்சம் குறைக்கும், அதற்குத் தனிக்கட்டணம் கேட்பதில்லை.